வீட்டுக்குள் இருந்த உத்தியோகம்

வங்கியில் பயிர்க்கடன் மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. மனுவோடு அடங்கல் நகல் வரும்: சர்வே எண், பசலி, காரா பிசானமா, சாகுபடி செய்பவர் யார். தாமிரபரணிக் கரையில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுகிறவர்கள் உண்டு. கடைசிக் கட்டத்தில் பெயர் விழவில்லையென்றால் அவர்கள் உழவே இல்லை என்றாகிவிடும். அதை எழுதும் உத்தியோகம் யாருக்குக் கிடைத்தது என்ற சரித்திரம் அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஜில்லாக்களின் கீழ்நிலை உத்தியோகங்களைச் செல்வாக்குள்ள சில குடும்பங்களே பிடித்துக்கொள்ளாமல் கலெக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சென்னை ரெவின்யூ போர்டு 1854-ல் உத்தரவிட்டது. அதே சர்க்கார் 1895-ல், கிராமக் கணக்கும் முன்சீப் வேலையும் குடும்ப வாரிசுக்கே என்ற பழைய வழக்கத்தைச் சட்டமாக்கிற்று. கச்சேரியில் குற்றமாகத் தெரிந்தது கிராமத்தில் உரிமையாயிற்று.

பரம்பரைக்குச் சொல்லப்படும் நியாயம் திறமை. மகன் தகப்பனிடமே கணக்குப் படித்துவிடுகிறான் என்பார்கள். வெளியாள் எங்கே போய்ப் படிப்பான்? கணக்கு இருந்ததே கர்ணம் வீட்டில். கதவைச் சாத்திவிட்டு, வெளியே நிற்பவனுக்கு உள்விவகாரம் தெரியாது என்று சொல்கிற தர்க்கம் இது.

குண்டூர் ஜில்லாவில் புதிதாகப் பிரிந்த ஒரு கிராமத்தின் முன்சீப் பதவி குறித்த வழக்கில், இந்த வாரிசு விதி அரசியல் சட்டத்தின் 16-ஆவது ஷரத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 1968-ல் இங்கே சட்டம் ரத்தாயிற்று. பதவியில் இருந்தவர்கள் நீடித்தார்கள். 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டம் சுமார் 23,000 கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. 1970 விதிகளின்படி, வாரிசுரிமை இல்லாமல் வந்தவர்களும் அதில் அடிபட்டார்கள். 1982-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது.

இன்று கிராம நிர்வாக அலுவலர் தேர்வாணையத்தின் பரீட்சை எழுதி வருகிறார். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிகிறவனுக்கு அதில் சலுகை உண்டுதான். ஆனாலும் அந்தப் பரீட்சை தகப்பன் பெயரைப் பார்த்து மார்க் போடுவதில்லை. நானும் ஒரு பரீட்சையால் உள்ளே வந்தவன். அதைச் சிறிய விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மாற்றம் கணக்கு எழுதுபவரோடு நின்றுவிட்டது. எழுதப்படுகிறவரை அது எட்டியதா என்பது கவுண்டரில்தான் தெரிகிறது. போன பிசானத்தில் ஒரு பெரியவர் அடங்கல் நகலை என் பக்கம் தள்ளி, "எம்பேரு இருக்கா பாருங்கய்யா" என்றார். இரண்டு முறை பார்த்தேன். இல்லை.