பொடிந்துபோன எலும்பு

அரியலூர் வட்டாரம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியில் கிடந்தது. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பாலானது, எளிதில் அழியும். அதன் பற்களோ கல்லாகி நிலைக்கும். அருகிலுள்ள காரைப் படிவுகளில் அத்தகைய பற்கள் கிடைத்துள்ளன.

கடல் பின்வாங்கியபின் ஆறுகள் மணலும் களியும் பரப்பின. அவ்வாறு உண்டான கல்லமேட்டுப் பாறையில் மாபெரும் டைனோசார் ஒன்றின் எலும்புகள் வெளிப்பட்டன. யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் 1987-ஆம் ஆண்டில் அதற்குப் 'பிருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். பேருடற் பல்லி என்பது பொருள். முதலில் ஊனுண்ணி எனப்பட்ட அது, பின்னர்த் தழையுண்ணி என்று கருதப்பட்டது. அதன் பருமன்தான் எவ்வளவு? மீண்டும் அளந்து பார்க்க வழியில்லை. நொய்ந்த அவ்வெலும்புகள் பொடிந்து போயின. படங்களும் குறிப்புகளுமே எஞ்சின.

ஆதலின், புதைபடிவம் திரட்ட விழையும் இளைஞர்களே, கண்டதும் பெயர்த்தெடாதீர்கள். இடத்தைக் குறியுங்கள்; படமெடுங்கள்; நிலவியல் அறிந்தாரிடம் கூறுங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்துள் கிடந்த சான்று நம் கைபட்டு அழிதல் தகுமோ?