ஐ லவ் யூ கணினிப் புழு

ஐ லவ் யூ என்பது 2000 மே 4 அன்று பிலிப்பீன்சின் மணிலா நகரிலிருந்து மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் பரவிய கணினிப் புழு ஆகும். காதல் கடிதம் என்ற பெயரில் வந்த இணைப்புக் கோப்புக்கு இரண்டு பின்னொட்டுகள் இருந்தன: முதலாவது உரைக்கோப்புக்கு உரியது, அடுத்தது நிரலுக்கு உரியது. விண்டோசு இயங்குதளம் கடைசிப் பின்னொட்டை இயல்பாக மறைத்ததால், அது வெறும் கடிதமாகவே தெரிந்தது.

திறந்தவுடன் புழு படக்கோப்புகளை அழித்தது. அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பியது. இதனால் அறிந்தவர் பெயரிலேயே கடிதம் வந்தது, பலரும் ஐயுறவில்லை. பிரித்தானிய மக்களவை மின்னஞ்சல் சேவையையே நிறுத்த நேர்ந்தது.

அப்போது பிலிப்பீன்சில் உரிய சட்டம் இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. அவ்வாண்டு சூன் மாதம் மின்வணிகச் சட்டம் இயற்றப்பட்டது. அனுப்பியவர் அறிந்தவர் என்பதற்காக மட்டும் இணைப்பைத் திறக்கக்கூடாது என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் சான்றாக உள்ளது.