கடைசியாய் மிஞ்சியவர்கள் கேட்ட மரியாதை



நவம்பர் 11-ஆம் நாள், தூர்ஸ் நகர் ஆயரான புனித மார்ட்டினைத் திருஅவை நினைவுகூருகிறது. உரோமைப் படையில் வீரராக இருந்தபோது, ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஓர் ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் இவர். மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஆனால் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரு போருக்கு முந்தின நாள், தாம் இனிக் கிறிஸ்துவின் வீரர், சண்டையிட முடியாது என்று மார்ட்டின் சொல்லிவிட்டார். கோழை என்று ஏசினார்கள். அப்படியானால் நாளை ஆயுதமில்லாமல் முன்வரிசையில் நிற்கிறேன் என்றார்.

அவருடைய திருநாளன்றுதான், 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு, ஐரோப்பாவின் மேற்குப் போர்முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. முதல் உலகப்போரில் மாண்ட படைவீரர்கள் மட்டும் ஏறக்குறைய 90 லட்சம் பேர். திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட், 1917 ஆகஸ்ட் முதல் நாளிட்ட மடலில், இது பயனற்ற படுகொலை என்று எழுதி, சமாதானத்துக்கு வழியும் சொல்லியிருந்தார். இரு தரப்பாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போர் முடிந்து வீடு திரும்பிய கோடிக்கணக்கானோர் முதுமையடைந்து, ஒவ்வொருவராய் மறைந்து, 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தார்கள். அதன்பின் நாடுகள் உண்மையாகவே எண்ணத் தொடங்கின. 2005-இல் பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவர் ஜாக் சிராக், கடைசியாக எஞ்சும் வீரருக்கு அரசு மரியாதையோடு அடக்கம் நடக்கும் என்று அறிவித்தார். யாருக்கு அந்தப் பெருமை கிடைக்கும் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டியலில் இருந்த முதியவர்களோ, எங்களுக்கு வேண்டாம் என்றார்கள்.

அவர்களுள் ஒருவர் லாசர் பொன்டிசெல்லி. 1897-இல் வட இத்தாலியின் பெத்தோலா என்ற மலையூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தனியாக இரயிலேறிப் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தையும் தெரியாது. புகைபோக்கிகளைத் துடைத்தார், செய்தித்தாள் விற்றார். 1914-இல் போர் மூண்டபோது வயது பதினாறுதான். வயதைக் கூட்டிச் சொல்லி, பிரான்சின் வெளிநாட்டவர் படையணியில் சேர்ந்துகொண்டார். தமக்குச் சோறு போட்ட நாட்டுக்குச் செய்யவேண்டிய கடன் என்று அதைச் சொன்னார்.

அர்கோன் காட்டில் நடந்த ஒன்றை அவர் நூறு வயதைக் கடந்தும் மறக்கவில்லை. இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே, முள்கம்பியில் கால் சிக்கி ஒரு பிரெஞ்சு வீரர் அலறிக்கொண்டு கிடந்தார். தூக்குப்படுக்கை சுமப்பவர்களே போக அஞ்சினார்கள். லாசர் கம்பி வெட்டும் கருவியோடு ஊர்ந்து போனார். வழியில் முதலில் எதிர்ப்பட்டது காயம்பட்ட ஒரு ஜெர்மானியர். அவர் இரண்டு விரல்களைக் காட்டினார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அதன் பொருள். லாசர் அவரை இழுத்துக்கொண்டுபோய் ஜெர்மானியப் பதுங்குகுழிக்கு அருகே விட்டார். அங்கிருந்து சுடத் தொடங்கியவர்களை, சுடாதீர்கள் என்று கத்தி நிறுத்தியவர் அந்தக் காயம்பட்டவர்தான். பிறகு லாசர் திரும்பி வந்து, கம்பியில் கிடந்தவரையும் மீட்டுக்கொண்டு வந்தார். தம் நான்கு பிள்ளைகளின் பெயரால் அவர் நன்றி சொல்லி முத்தமிட்டார். அந்த இருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்பது லாசருக்குத் தெரியவே இல்லை.

1915-இல் இத்தாலியும் போரில் இறங்கியது. இத்தாலியக் குடிமகன் என்பதால் இரண்டு காவலர்கள் அவரை அழைத்துச் சென்று தூரினில் ஒப்படைத்தார்கள். மலைப்படை வீரராக ஆஸ்திரியரோடு போரிட்டு முகத்தில் காயம்பட்டார். அந்த மலைமுகட்டிலும் கொஞ்ச நாள் துப்பாக்கிகள் மௌனமாயின. இவர்கள் ரொட்டி கொடுத்தார்கள், அவர்கள் புகையிலை கொடுத்தார்கள். செய்தி மேலிடத்துக்கு எட்டியதும் இவருடைய அணியை இன்னும் கடினமான இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்! போர் நடத்துகிறவர்களுக்கு, எதிரியின் முகம் மனித முகமாகத் தெரிவதைப்போல் ஆபத்தானது வேறில்லை போலும்.

போருக்குப்பின் சகோதரர்களோடு சேர்ந்து புகைபோக்கி, குழாய் வேலைகள் செய்யும் தொழில் தொடங்கினார். அது இன்று பெரிய நிறுவனம். ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று, தாம் வாழ்ந்த கிரெம்லின்-பிசேத்ர் ஊரின் நினைவுத்தூணுக்குத் தவறாமல் போய் நின்றார். அரசு அடக்கம் என்ற பேச்சு வந்தபோது மட்டும் மறுத்தார். என்னைப் போலவே போரிட்டு, எந்த மரியாதையும் பெறாமல் மண்ணில் புதைந்தவர்கள் இருக்க, கடைசிவரை உயிரோடிருந்தேன் என்பதற்காக எனக்கா இவ்வளவும் என்பது அவர் கேள்வி. அது அவர்களுக்கு அவமதிப்பு என்றார்.

2008 ஜனவரியில், உடன் எஞ்சியிருந்த லூயி தெ கசனாவ் 110 வயதில் மறைந்தார். அவரும் அரசு அடக்கத்தை மறுத்தவரே. இப்போது கடைசி ஆள் லாசர்தான். மறுத்துவிட்டால் இறந்துபோன தோழர்களை நினைக்கும் வாய்ப்பும் போய்விடும் என்று எண்ணினாரோ என்னவோ, மனம் மாறினார். ஆனால் நிபந்தனை விதித்தார்: ஆரவாரம் கூடாது, பெரிய அணிவகுப்பு கூடாது, எளிய திருப்பலி போதும், மரியாதை எனக்கல்ல, இறந்த எல்லாருக்கும். அவ்வாண்டு மார்ச் 12-இல் அவர் மறைந்தார். 17-ஆம் நாள் பாரிசின் இன்வாலித் புனித லூயி ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. வெளிநாட்டவர் படையணியினர் பெட்டியைச் சுமந்தார்கள். அங்கே குடியரசுத் தலைவர் சர்க்கோசி திறந்து வைத்த நினைவுப் பலகையும் அந்தப் போரின் வீரர்கள் எல்லாருக்கும் உரியதே. பிறகு அவரைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரி முதல் நாள், ஜெர்மனியில் எரிக் கெஸ்ட்னர் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி 107 வயதில் இறந்தார். ஜெர்மானியப் படையின் கடைசி வீரர் இவர்தான் என்பது சில வாரங்கள் கழித்தே வெளியே தெரிந்தது. குடும்பத்தார் செய்தித்தாளில் கொடுத்த மரண அறிவித்தல் மட்டும் இருந்தது. அந்த நாட்டில் வீரர்களின் பட்டியலே இல்லை. தோற்றுப்போன, பிறகு இன்னும் கொடிய போரைத் தொடங்கிய ஒரு தேசத்துக்குத் தன் முதியவர்களை எப்படி மதிப்பது என்று தெரியவில்லை. அதைக் குறை சொல்வது எளிது, ஆனால் நமக்கு மனம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2011-இல் மறைந்த கிளாட் சூல்ஸ், போர்முனை கண்டவர்களுள் கடைசியானவர். அவர் அணிவகுப்புகளுக்குப் போகவே மாட்டார். அவருக்கும் பின்னர், 2012 பிப்ரவரியில், இங்கிலாந்தின் புளோரன்ஸ் கிரீன் மறைந்தார். முதல் உலகப்போர்ப் படைகளில் பணியாற்றியவர்களுள் கடைசியாக அறியப்படுபவர் இவரே. பதினேழு வயதில் விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து, அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் பரிமாறியவர்.

ஹாரி பாட்ச் என்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பிளம்பர் வேலை பழகிக்கொண்டிருந்த இந்த ஆங்கிலேய இளைஞரை 1916-இல் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். 1917-இல் பெல்ஜியத்தின் பாஷன்டேல் சேற்றில் எந்திரத்துப்பாக்கிக் குழுவில் இருந்தார். தம்மை நோக்கி ஓடிவந்த ஒரு ஜெர்மானியரைக் கொல்லாமல், தோளிலும் காலிலும் மட்டும் சுட்டார். மோசே வழி வந்த கட்டளை மனத்தில் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். 1917 செப்டம்பர் 22 இரவு ஒரு குண்டு விழுந்து அவருடைய தோழர்கள் மூவர் சிதறிப்போனார்கள். எண்பது ஆண்டுகள் அதை மனைவியிடமும் சொல்லவில்லை. நூறு வயதுக்குப் பிறகே வாய் திறந்தார். நாட்டின் அதிகாரபூர்வ நினைவு நாள் அவருக்கு வெறும் காட்சியாகவே தோன்றியது. அவருடைய நினைவு நாள் செப்டம்பர் 22.

2004-இல் அவர் பெல்ஜியத்துக்குப் போய், அதே போர்க்களத்தில் எதிரணியில் நின்ற சார்ல்ஸ் கூன்ட்சைச் சந்தித்தார். ஒருவருக்கு 106, மற்றவருக்கு 107 வயது. கூன்ட்ஸ் ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்திருந்தார், பாட்ச் தம் ஊர் ஆப்பிள் மதுவில் ஒரு புட்டி. 2009-இல் வெல்ஸ் பேராலயத்தில் பாட்ச்சுக்கு இறுதிச் சடங்கு நடந்தபோது, ஜெர்மனி, பிரான்சு, பெல்ஜியம் நாட்டு வீரர்களும் பெட்டியோடு நடந்தார்கள். அங்கே எந்த ஆயுதமும் கூடாது என்பது அவருடைய விருப்பம்.

செப்டம்பர் 22 என்ற நாள் நமக்கும் அந்நியமானதல்ல. 1914-இல் அதே நாள் இரவில்தான் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. இன்றும் சாமர்த்தியக்காரனை நாம் எம்டன் என்கிறோம். கப்பலின் பெயர் நம் வாயில் நிலைத்துவிட்டது. ஆனால், இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன பத்து லட்சத்துக்கும் அதிகமானோரின் பெயர்கள்? அவர்களுள் ஏறக்குறைய 74,000 பேர் திரும்பவில்லை. தமிழ்நாட்டின் சில ஊர்களில், அந்தப் பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு கற்கள் உண்டு. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனவர்கள் இன்று நூறு வயதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் அன்பியத்தில் இருந்தால், பொன்னாடை போர்த்துவதற்கு முன் அவர் அருகே சற்று உட்கார்ந்து, கூடப்போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைக் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும். நவம்பர் மாத மரித்தோர் திருப்பலிக்கு நாம் எழுதித் தரும் பட்டியலில், நம் வீட்டார் பெயர்களுக்குக் கீழே அந்தப் பெயர்களுக்கும் இடம் இருக்கிறது.