பெரும்பான்மை மாற்றமும் போர்க் கண்காணிப்பும்: இலங்கை நாடாளுமன்றம், 2001–2004

போர்க்காலத்தில் நாடாளுமன்றப் பெரும்பான்மை கைமாறினால், போரை நடத்துவோரைத் தட்டிக்கேட்கும் வலிமையும் அவைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையை இலங்கையின் அனுபவம் பாதியளவே மெய்ப்பிக்கிறது. போர் அதிகாரத்தின் எந்தக் கூறு அவையின் வாக்கை நம்பி நின்றதோ, அந்தக் கூறில் மட்டுமே பெரும்பான்மை மாற்றம் அங்கு கண்காணிப்பாக உருவெடுத்தது.

அத்தகைய முதன்மையான கூறு அவசரகால நிலை. 1947ஆம் ஆண்டின் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஜனாதிபதி வெளியிடும் பிரகடனம், அதாவது விசாரணையின்றித் தடுத்துவைப்பது உள்ளிட்ட சிறப்பு விதிகளுக்கு வழிதிறக்கும் அறிவிப்பு, ஒரு மாதமே செல்லும். அதற்கும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஆயினும் 1980களில் இந்த மாதாந்திர வாக்கெடுப்பு வெறும் சடங்காகத் தேய்ந்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற பெரும் பெரும்பான்மை, 1982 டிசம்பர் பொதுவாக்கெடுப்பின் வழியே, புதிய தேர்தலின்றி நீட்டிக்கப்பட்டது. பிரிவினைக்கு எதிரான உறுதிமொழியைக் கோரிய ஆறாவது திருத்தத்தை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் 1983இல் இடங்களை இழந்தனர். அவசரநிலை நீடிக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றிருந்த நிபந்தனையையும் 1986இல் பத்தாவது திருத்தம் நீக்கியது. போரின் கொடுமையை முதலில் அனுபவித்த வடக்கு, கிழக்குத் தமிழர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை வெளியே நிறுத்திவிட்டு நடந்த விவாதங்களைக் கண்காணிப்பு என்று அழைப்பது நியாயமன்று.

இந்நிலையை 2001 மாற்றியது. சிறீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் விலகியதால் ஆளும் பொதுசன ஐக்கிய முன்னணி பெரும்பான்மையை இழக்க, ஜூலையில் அவசரநிலையை நீட்டிக்க வாக்குகள் இல்லாமற்போய் அது காலாவதியானது. ஆனால் அதே மாதம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்நோக்கிய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நாடாளுமன்றத்தை ஒத்திவைத்தார். அவசரநிலை இல்லாதபோதும், 1979இல் மூன்றாண்டுக்கெனக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் அரசின் கையிலிருந்தது; அதற்கு மாதந்தோறும் எவரிடமும் ஒப்புதல் பெற வேண்டியதில்லை.

டிசம்பர் தேர்தலில் வென்று பிரதமரான ரணில் விக்கிரமசிங்க 2002 பெப்ரவரி 23 முதல் விடுதலைப் புலிகளுடனான போர்நிறுத்தத்தை நடைமுறைப்படுத்தினார். கொள்கை மாறியதே தவிர, படைகளின் தலைமை அரசமைப்பின்படி ஜனாதிபதியிடமே இருந்தது. 2003 நவம்பர் 4 அன்று, பிரதமர் அமெரிக்காவில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் சந்திரிகா தம்வசப்படுத்தி அவையையும் ஒத்திவைத்தார்; 2004 பெப்ரவரியில் அதைக் கலைத்தார். பெரும்பான்மை ரணில் பக்கம் இருந்தும் இவற்றுள் ஒன்றையும் தடுக்க இயலவில்லை.

இதற்கு நேர்மாறாக, இந்தியாவில் மக்களவைப் பெரும்பான்மை மாறினால் ஆட்சியே மாறிவிடுகிறது: 1989 டிசம்பரில் வி. பி. சிங் பொறுப்பேற்க, 1990 மார்ச்சில் இந்தியா அனுப்பியிருந்த அமைதிப்படை முழுவதும் இலங்கையை விட்டு வெளியேறியது. எனினும் திரும்பப் பெறும் உடன்பாடு ராஜீவ் காந்தியின் காலத்திலேயே, 1989 செப்டம்பரில் செய்யப்பட்டதால், முழுப் பெருமையையும் தேர்தலுக்கு அளிப்பது மிகையாகும். அமெரிக்காவில் நிதியளிக்கும் அதிகாரமே பேரவையின் முதன்மைக் கருவி. 2006இல் அங்கு பெரும்பான்மை மாறிய பின்னரும், ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்பப் பெறக் காலவரையறை விதித்த நிதி மசோதாவை 2007 மே 1 அன்று ஜனாதிபதி புஷ் மறுப்பாணையால் வீழ்த்தினார்.

ஆகவே இலங்கையில் ஆராயப்பட வேண்டியது எந்தக் கட்சி பெரும்பான்மை பெற்றது என்பதைவிட, எந்த அதிகாரம் அவையின் வாக்குக்குக் கட்டுப்பட்டிருந்தது என்பதே. பின்னர் மீண்டும் கொண்டுவரப்பட்ட அவசரநிலை 2011 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. மாதாந்திர ஒப்புதல் தேவைப்படாத பயங்கரவாதத் தடைச் சட்டம் அதன் பின்னரும் நீடித்தது.