பயம் ரத்தத்திலேயே இருக்கிறதா?

ஹட் பேக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் கப்பலைப் பார்த்ததுமே என் மகள் அழ ஆரம்பித்துவிடுவாள். போனமுறை அம்மா சொன்னார்: "உன்ன மாதிரியேதான்டா. பயம் ரத்தத்துலயே ஊறிக் கெடக்கு."

சிரித்துவிட்டேன். ஆனாலும் உறுத்தியது. பி.காம். படித்த வங்கிக்காரன் எலி ஆராய்ச்சியைப் படிக்கப் போன கதை இதுதான் :-)

செரடோனின் முதலில் ரத்தத்திலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. 1948-ல், அமெரிக்காவின் கிளீவ்லேண்டில், ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவர் செய்த வேலை. 1953-ல் பெட்டி ட்வாராக் அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். நம்ம ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரிசர்பின், மூளையின் செரடோனினைக் காலி செய்கிறது என்று 1955-ல் தெரியவந்தது. மனநிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி அதன்பின் சூடுபிடித்தது.

1998-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே காரியம் செய்தன. செரடோனினை வாங்கிக்கொள்ளும் '1ஏ' என்ற ஏற்பியின் மரபணுவைச் சுண்டெலிகளில் நீக்கின. மூன்று இடத்திலும் ஒரே முடிவுதான்: எலிகள் பயந்தாங்கொள்ளிகள் ஆயின. திறந்த வெளிக்குப் போகாமல் ஓரமாகவே பதுங்கின.

அப்போ அம்மா சொன்னது சரியா? அவசரப்படாதீர்கள்!

2002-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென் குழு, அந்த ஏற்பியை மருந்து கொடுத்து வேண்டியபோது நிறுத்தும்படி எலிகளை உருவாக்கியது. குட்டிப் பருவத்தில் ஏற்பி இருந்து, வளர்ந்தபின் நிறுத்தினால் பயம் வரவில்லை. குட்டிப் பருவத்தில் இல்லாமல், வளர்ந்தபின் கொடுத்தால் பயம் போகவில்லை. மரபணு இருக்கிறதா என்பது மட்டுமல்ல, எந்தப் பருவத்தில் வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம்.

நம் நாட்டிலும் இந்தப் பருவத்தை ஆராய்கிறார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விதிதா வைத்யாவின் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வு இது. பிறந்த முதல் இரண்டு வாரங்களில் குட்டிகளின் முன்மூளை நரம்பணுக்களைத் தொடர்ந்து தூண்டினார்கள். வளர்ந்த பிறகும் அவற்றிடம் பதற்றம் இருந்தது.

மனிதர்களிடம் கணக்கு இன்னும் சிக்கல். செரடோனின் கடத்தி மரபணுவின் ஒரு வடிவம் பதற்ற குணத்தோடு தொடர்புடையது என்று 1996-ல் லெஷ் குழு அறிவித்தது. மனச்சோர்வுக்கும் அதுவே காரணம் என்று பிறகு பலர் எழுதினார்கள். 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தகவலை வைத்துப் பார்த்தபோது, மனச்சோர்வைப் பொறுத்தவரை அந்த மரபணுவுக்குத் தனிச் சிறப்பு எதுவும் தெரியவில்லை.

சுண்டெலியும் குழந்தையும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "ரத்தத்துலயே இருக்கு" என்று குழந்தை காதுபட இனி எங்கள் வீட்டில் யாரும் சொல்லப்போவதில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த பயணத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நிற்கப்போகிறேன். எனக்கும் கொஞ்சம் பயம்தான்!