மணிக்கூட்டின் பின்மூடியை முழுதாக வாசிப்போம்

எங்கள் வீடுகளில் பழைய மணிக்கூடு ஒன்றாவது லாச்சிக்குள் கிடக்கும். திருப்பிப் பார்த்தால் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருக்கும். உடனே "முழுக்க ஸ்டீல்" என்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்த எழுத்து சொல்வது வேறு. பின்மூடி மட்டும்தான் துருப்பிடிக்காத உருக்கு. மேலுடல் பெரும்பாலும் குரோமியமோ தங்கமோ பூசிய பித்தளை. செய்தவர் பொய் எழுதவில்லை. கடைசிச் சொல்லை நாங்கள்தான் வாசிக்கவில்லை.

இந்த எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேயாமலிருக்க வழி தேடினார். ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கு துருப்பிடிக்காததைக் கண்டார். அதே காலத்தில் ஜேர்மனியின் குரூப் நிறுவனத்தில் நிக்கலும் சேர்ந்த உருக்கு உருவானது. குரோமியம் காற்றுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகிறது. கீறினாலும் அது தானாகவே மீண்டும் மூடிக்கொள்ளும். இரகசியம் அவ்வளவுதான்.

1920களில் 18% குரோமியம், 8% நிக்கல் கொண்ட கலவை ஷெஃபீல்டிலிருந்து 'ஸ்டேபிரைட்' என்ற பெயரில் வந்தது. 1930களின் சுவிஸ் மணிக்கூடுகள் பலவற்றில் இந்தப் பெயரைப் பெருமையாகப் பொறித்தார்கள். 'அசியே இனோக்ஸிடாப்ல்' என்றிருந்தால், அது பிரெஞ்சு மொழியில் துருப்பிடிக்காத உருக்கு. அதற்கு முன்னால் பின்மூடியைக் குறிக்கும் சொல் இருந்தால், அங்கும் மூடி மட்டும்தான்.

ஏன் மூடி மட்டும்? தோலில் படுவது அதுதான். வியர்வை பூச்சைத் தின்று பித்தளையை அரிக்கும். உருக்கையோ வெட்டிச் செதுக்குவது கடினம், செலவும் கூட. அதனால் மலிவு மணிக்கூட்டில் தேவையான இடத்துக்கு மட்டும் உருக்குப் போட்டார்கள்.

தங்கத்தின் கதை வேறு. சுவிட்சர்லாந்து 1880இலேயே சட்டம் இயற்றி, தங்க, வெள்ளி மணிக்கூட்டு உடல்களைச் சோதித்து அரச முத்திரை இட்டது. 18 கரட்டுக்கு ஹெல்வேசியா என்ற பெண்ணின் தலை. உருக்குக்கு அப்படியொரு முத்திரை கிடையாது. அதிலுள்ள எழுத்து, செய்தவர் தரும் வாக்கு மட்டுமே.

அந்த வாக்கின் பெறுமதி பின்னர் மிகவும் உயர்ந்தது. 1972இல் ஓடமார் பிகே நிறுவனம், ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்த 'ரோயல் ஓக்' உருக்கு மணிக்கூட்டை 3,300 சுவிஸ் பிராங்குக்கு விற்றது. அன்றைய தங்க மணிக்கூடுகள் சிலவற்றையும் விஞ்சிய விலை அது. இன்று உயர்ரக மணிக்கூடுகள் பலவற்றில் இருப்பது 316எல் உருக்கு. 'எல்' என்றால் கரிமம் குறைவு. ரோலெக்ஸ் 1985இல் 904எல் உருக்கைப் பயன்படுத்தத் தொடங்கியது.

எங்கள் ஆண்கள் தங்கம் அணிவதில்லை. உருக்கையே தேடி வாங்குகிறார்கள். பின்னால் உருக்கு, முன்னால் தங்கப்பூச்சு என்ற மணிக்கூட்டை அறியாமல் வாங்கிவிடக்கூடாது அல்லவா? விற்பவர்களும் அந்தக் கடைசிச் சொல்லைச் சேர்த்தே வாசித்துக் காட்டட்டும்.

இன்றிரவு லாச்சியைத் திறந்து, பிள்ளைகளோடு சேர்ந்து பின்மூடியை வாசித்துப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கீழே சொல்லுங்கள்.