மலையகக் காற்றும் பட்டத்தின் சூத்திரமும்

பட்டத்தைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்கிவிடுவது நமது ஆய்வாளரின் வழக்கம். காற்றின் விசையை மனிதன் தன் வசப்படுத்திய வரலாற்றில் பாய்மரத்துக்குரிய இடம் பட்டத்துக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையாசிரியரின் கருத்தாகும்.

1826இல் பிரிஸ்ரல் நகரப் பள்ளியாசிரியர் ஜோர்ஜ் பொக்கொக், பட்டங்கள் இழுத்துச் செல்லும் வண்டியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். தொடராகக் கட்டிய இரு பட்டங்களை நான்கு கயிறுகளால் இயக்கினார். குதிரைகளை எண்ணி வரி வாங்கிய சாவடிகளில் குதிரையில்லாத இவ்வண்டிக்கு வரி விதிக்க வழியிருக்கவில்லை என்பர். அதே பத்தாண்டிலேதான் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழகத்துக் கிராமத்தவர் கண்டிச் சீமைக்கு நடத்தி வரப்பட்டனர். விலங்குக்குப் பதிலாகக் காற்றைப் பூட்ட முனைந்ததும், மலிவான உழைப்பைக் கடல்கடந்து தேடியதும் ஒரே பொருளாதார வளர்ச்சியின் வேறுபட்ட வெளிப்பாடுகளாகும்.

பட்டத்தைக் கட்டுப்படுத்துவதிலுள்ள இடர்ப்பாடு எளிய கணக்கொன்றிலே தங்கியுள்ளது. காற்றின் வேகம் இருமடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏற்றப்படும் பட்டங்களுக்குக் கடலிலிருந்து தடையின்றி வரும் வாடைக்காற்று ஓரளவு சீராகக் கிடைக்கிறது. நுவரெலியாவிலோ, ஹற்றனிலோ நிலைமை அதுவன்று. மலைமுகட்டைக் கடந்து வரும் காற்று மறுபுறத்தில் சுழிகளாகச் சிதறுகிறது. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டும் தென்மேல் பருவக்காற்றே ஊவாப் பக்கத்தில் உலர்ந்து வீசுகிறது.

இதனை லயத்துச் சிறுவர் எங்ஙனம் எதிர்கொள்வர்? காற்று வலுக்கையில் சூத்திரக் கயிற்றின் மேற்காலைச் சிறிது சுருக்குவர். பட்டத்தின் முகம் காற்றுக்குச் சாய்ந்து, இழுவை தணியும். கரணமடித்தால் வாலில் சேலைக்கிழிசல் ஒன்றைக் கூட்டுவர். திடீர் வீச்சில் நூலை விட்டுக்கொடுத்தும், காற்று ஓய்கையில் நூலை இழுத்தும் சமன்செய்வர். ஆளையே இழுத்துச் செல்லவல்ல இன்றைய விசைப்பட்டத்தின் நுட்பமும் இதனின்று பெரிதும் வேறன்று. நான்கு கயிற்றுப் பட்டத்தில் பின்கயிறுகள் இரண்டையும் முழுவதுமாக இழுத்தால் அது விசையிழந்து தரையிறங்கும். காற்று வீசிச் செல்லும் திசையில், ஆளுக்கு நேரெதிரே பட்டம் நிற்கையில் இழுவை மிகும். ஆகவே வீச்சு வருமுன் அதனைத் தலைக்கு மேலோ ஓரத்துக்கோ நகர்த்திவிடல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் முச்சை என்பதைத் தோட்டத்தார் சூத்திரம் என வழங்குவது தமிழகத்திலிருந்து உடன்கொணர்ந்த சொல்வழக்காகும்.

எனினும் திறன் மட்டும் போதாது; சமநிலம் வேண்டும். நுவரெலியாவில் காற்று ஓரளவு சீராக வீசும் வெளிகள் எவை? 1873இல் ஆளுநர் கிறகரி அமைப்பித்த வாவிக்கரை, குதிரைப்பந்தயத் திடல், கோல்ஃப் திடல் என்பனவே. துரைமாரின் ஓய்வுக்கென ஒதுக்கப்பட்டவை இவை. தொழிலாளரின் லயங்களோ தேயிலைக்கு உதவாத சரிவுகளிலும் பள்ளங்களிலும் நெருக்கி அமைக்கப்பட்டன. ஆதலின் தோட்டத்துப் பிள்ளை பாதை வளைவில் நின்றே பட்டம் விடுகிறது. மின்கம்பியோ தேயிலைச் செடியோ நூலைப் பிடித்துக்கொள்ளும் இடமும் அதுவே.